ஏரி என்னும் மூலதனம்

ஊசுட்டேரியை அடுத்த சிற்றூர் ஒன்றின் கூட்டுறவுச் சங்கத்தில் மகாசபை கூடியிருந்தது. ஐந்தொகையைப் படித்து முடித்தவுடன் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பறவைக்குச் சட்டம் உண்டு, மயிலுக்கும் சட்டம் உண்டு. விளைந்த கதிரை அவை கொத்திச் சென்றால் எங்களுக்கு என்ன உண்டு?" என்று கேட்டார். அவையில் சிரிப்பொலி எழுந்தது; பெரியவர் சிரிக்கவில்லை. அன்று நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. ஆதலின் இதனை எழுதுகிறேன்.

புதுவை நகருக்கு மேற்கே சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடப்பது ஊசுட்டேரி. சங்கராபரணி ஆற்றின் நீர் வாய்க்கால் வழியே அதனை வந்தடைகிறது. ஏரியின் ஒரு பகுதி புதுவையையும் மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்தையும் சார்ந்தவை. புதுவை அரசு 2008-ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டு அரசு 2015-ஆம் ஆண்டிலும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டிற்கும் பொதுவானது.

சரணாலயம் என்றவுடன் உழவர் அஞ்சுகின்றனர். சட்டத்தின் 29-ஆம் பிரிவு, உயிரினங்களின் வாழிடத்தை அழிப்பதையும், நீர்வரத்தைத் தடுப்பதையும் திருப்புவதையும் அனுமதியின்றிச் செய்தல் ஆகாது என்கிறது. ஆயின் 24-ஆம் பிரிவோ, அவ்விடத்தில் மக்களுக்குள்ள உரிமைகள் தொடர்வதற்கு ஆட்சியர் இசைவளிக்க வழி வகுத்துள்ளது. சரணாலயம் அமைக்கும்போது ஆட்சியர் வெளியிடும் பிரகடனத்திலிருந்து இரண்டு திங்களுக்குள் உரிமையை எழுத்து மூலம் கோர வேண்டும். தனியொருவர் இக்கெடுவை அறியாது விடலாம். சங்கம் அறியாது விடலாமா?

இனி மயிலைப் பற்றிக் கூறுவேன். 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனைக் கொல்வது மட்டுமன்று, முட்டையைச் சிதைப்பதும் வேட்டையே ஆகும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வரப்பில் நின்று ஓசை எழுப்பி ஓட்டலாம்; கண்ணி வைத்தலும் நஞ்சு கலந்த நெல்லை இறைத்தலும் கூடா. ஒரு படி நெல்லுக்காக மூன்றாண்டுச் சிறையை விலைக்கு வாங்குவார் உண்டோ? சேதம் நேரின் அதனை உடனே எழுதிப் பதிவு செய்து, நிவாரணம் கோரி வனத்துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் சங்கத்தின் பெயரால் விண்ணப்பிப்பதே முறை.

பறவையைக் காத்தல் அரசினர் நம்மீது சுமத்திய பாரம் என்று கருதுவோர் வேடந்தாங்கலை நினைக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு சென்று முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு எருவாவதை அவ்வுழவர் கண்டிருந்தனர். கேட்டவர் அரசினர் அல்லர், உழவரே. அவரும் தனித்தனியே கேட்கவில்லை, ஒன்றாய்க் கேட்டனர்.

நெசவாளர் அங்கத்தினர்க்கும் இஃது அயலார் செய்தியன்று. காஷ்மீரத்துப் பஷ்மினா சால்வைக்குரிய மயிரை வளர்ப்பு ஆட்டிலிருந்து சீவி எடுக்கின்றனர். ஆடு மறு ஆண்டும் மயிர் தரும். ஷாதூஷ் சால்வைக்குரிய மயிரோ, திபெத்திய மான் இனமாகிய சீருவைக் கொன்றே பெறப்பட்டது. இன்று பஷ்மினாத் தறி ஓடுகிறது. ஷாதூஷ் வாணிகம் குற்றமாகிவிட்டது. முன்னது வட்டியை உண்ட தொழில். பின்னது மூலதனத்தையே உண்ட தொழில்.

நீர், மீன், புல், வண்டல் ஆகியவை ஏரி தரும் வட்டி. ஏரியும் அதன் உயிர்களும் மூலதனம். பங்குத் தொகையை எடுத்துச் செலவிடும் சங்கம் நிலைப்பதில்லை என்பதை அங்கத்தினர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பெரியவரின் கேள்விக்கு என் விடை இதுவே: சட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அது கேட்டுப் பெறும் இடம். அடுத்த மகாசபையில் பயிர்ச்சேதப் பதிவேடு ஒன்று தொடங்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். முதல் வரியில் அப்பெரியவரின் வயல் எழுதப்படட்டும்.