கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடும் வம்சாவளி

1650. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரம். இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை நாட்டுக்குள் புகுந்திருந்தது, நகருக்குள் கொள்ளைநோய். அந்த அமளிக்கு நடுவே டூவல்டாக் மக் ஃபிர்பிஷி என்ற அறிஞர், ஐரிஷ் குலங்களின் வம்சாவளிகளையெல்லாம் ஒரே நூலாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய குலத்தொழில். ஸ்லைகோ பகுதியில் இருந்த அவருடைய முன்னோர் சிற்றரசர்களுக்கு வரலாறு எழுதியே வாழ்ந்தவர்கள்.

அந்த மரபில் வந்த பட்டியல்கள் அசராமல் பின்னோக்கிப் போகும், ஆதாம் வரைக்கும். மேல் தலைமுறைகள் பெரும்பாலும் கட்டுக்கதை. புதிதாகத் தலையெடுத்த குலத்துக்குப் பழைய அரசர் ஒருவரை மூதாதையாக ஒட்டவைத்ததும் உண்டு. நிலத்தை உழுதவன் பெயரை மட்டும் அவற்றில் தேடக் கூடாது.

இன்று பாஸ்டனிலோ சிட்னியிலோ இருந்துகொண்டு பூர்வீகம் தேடுபவர் பெரும்பாலும் அந்த உழவனின் வாரிசுதான். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைக் கைபேசியிலேயே இலவசமாகப் பார்த்துவிடுகிறார். 1864-இல் எல்லோருக்கும் கட்டாயமான பிறப்புப் பதிவுகள் அவரை இன்னும் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடும். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால், "எல்லாம் 1922-இல் எரிந்துவிட்டதே" என்ற பதில் தயாராக இருக்கும்.

எரிந்தது உண்மை. உள்நாட்டுப் போரின் முதல் நாட்களில், ஜூன் 30 அன்று, டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்தது. ஏழு நூற்றாண்டுத் தாள்கள் கருகி நகரமெங்கும் பறந்தன. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு கணக்கெடுப்புகளில் மிஞ்சியவை சில துண்டுகளே. ஆனால் எல்லாப் பழியையும் தீயின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. எரிந்த திருச்சபைப் பதிவேடுகளும் அயர்லாந்துச் சபை எனப்படும் புராட்டஸ்டண்டுச் சபையுடையவை. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை. அவை அந்தந்தப் பங்குக் கோயில்களிலேயே பத்திரமாக இருந்தன.

பிறகு ஏன் நூல் அறுந்துபோகிறது? பதினெட்டாம் நூற்றாண்டில் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் இருந்தன. பங்குகள் ஏழ்மையில் கிடந்தன. மேற்குக் கிராமங்கள் பலவற்றில் ஞானஸ்நானப் பதிவு தொடங்குவதே 1820, 1830-களில்தான். எழுதாத ஏடு எப்படி எரியும்?

தேசிய நூலகம் 2015-இல் அந்தப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியது. ஒரு பக்கத்தைத் திறந்தால் மங்கிய மை, பாதிரியாரின் அவசர லத்தீன், குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள். ஊர்ப்பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு என்பதால், ஒரே பங்கில் ஏழெட்டு ஜான் மர்ஃபிகள் வரிசையாக நிற்பார்கள். நம்முடையவர் யார் என்று பிரித்தறிய, 1847-க்கும் 1864-க்கும் இடையே தயாரான கிரிஃபித் நிலமதிப்பீட்டைப் புரட்ட வேண்டும். அதிலும் குடித்தனக்காரர் பெயர்தான் இருக்கும்; மனைவி, மக்கள் பெயர் இருக்காது.

எதிர்பாராத ஒரு சான்று ஓய்வூதியத்தால் கிடைத்தது. 1909 ஜனவரியில் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே அவர்கள் பிறந்த காலத்தில் கிடையாது. எனவே பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஊர் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தங்களைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். எழுத்தர் மூலத் தாளைப் பார்த்துக் கிடைத்ததைக் குறித்துவைத்தார். மூலம் எரிந்துவிட்டது, படிவங்கள் தப்பின. இன்று அவையும் இணையத்தில் இருக்கின்றன.

அதே ஓய்வூதியம் ஒரு குழப்பத்தையும் விட்டுப்போயிருக்கிறது. 1901-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட பத்தே ஆண்டுகளில் வயது பதினைந்து கூடிய முதியவர்களைக் கணக்கெடுப்புத் தாள்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். கைவசம் ஓய்வூதியப் படிவம் கிடைக்காத குடும்பத்தினர் எந்த வயதை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடுவது என்று திண்டாடுகிறார்கள்.