உயிரினங்களின் பதிவேடு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓர் உயிரினத்தை இன்னதென்று இனங்காண்பது விலங்கியலின் முதற்பாடம். இறகின் நரம்பையும் பல்லின் அமைப்பையும் உற்றுநோக்கிப் பெயரிடுவதே தொன்றுதொட்டு வரும் முறை. ஆனால் புழுப் பருவத்தில் உள்ள பூச்சிக்கும், துண்டு போடப்பட்ட மீனுக்கும் இம்முறை எளிதில் கைகொடுப்பதில்லை. இக்குறையைப் போக்க வந்ததே டி.என்.ஏ. பார்கோடு முறையாகும்.

2003ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட்டும் அவர்தம் குழுவினரும் இதனை முன்மொழிந்தனர். செல்லிலுள்ள மைட்டோகாண்டிரியாவில் சி.ஓ.1 என்றொரு மரபணு உண்டு. அதில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி, ஒரே சிற்றினத்துக்குள் பெரும்பாலும் ஒத்தும், சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபட்டும் காணப்படுகிறது. சோப்பு உறையின் மீதுள்ள கறுப்புக் கோடுகளைப் போல இதனைப் படித்து விலங்கை இனங்காணலாம். தாவரங்களுக்கு இம்மரபணு பொருந்தாமையால், 2009இல் ஆர்.பி.சி.எல்., மேட்.கே. என்னும் இரு மரபணுப் பகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன.

கடைக்காரர் கோடுகளைப் படித்ததும் பெயரும் விலையும் எங்கிருந்து வருகின்றன? முன்னரே எவரோ கணிப்பொறியில் பதிந்து வைத்ததிலிருந்துதான். அப்பதிவு தவறானால் சோப்புக்குச் சீயக்காய் என்று ரசீது வரும். டி.என்.ஏ. முறைக்கும் இதுவே விதி. 2008இல் நியூயார்க் நகரப் பள்ளி மாணவியர் இருவர் கடைகளிலும் உணவகங்களிலும் மீன் துண்டுகளைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பினர். இனங்காண முடிந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வேறு பெயரில் விற்கப்பட்டது என்று தெரிய வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மீன்களின் பதிவுகள் முன்பே இருந்தமையால்தான் இது இயன்றது.

நல்ல பதிவு எது?

இப்பதிவுகளுக்கென்றே குவெல்ஃபில் 'போல்டு' என்னும் தரவுத்தளம் அமைக்கப்பட்டது. அதன் அமைப்பை விளக்கும் கட்டுரை 2007இல் வெளிவந்தது. எழுத்து வரிசை மட்டும் இருந்தால் அது நல்ல பதிவாகாது. சேகரித்த இடம், நாள், சேகரித்தவர், பெயரிட்டவர், பொறி வரைந்த மூல வரைபடம் ஆகியவை வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் சான்று உடலின் எண் வேண்டும். ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்க உடல் இல்லையெனில் அப்பதிவு ஏட்டுச் சுரைக்காயே!

இதற்குக் கோஸ்டாரிகா நாட்டு வண்ணத்துப்பூச்சி ஒன்று நல்ல சான்று. 1775இல் ஒரே இனமாகப் பெயரிடப்பட்ட அதனுள் குறைந்தது பத்து இனங்கள் மறைந்துள்ளன என்று 2004இல் அறிவித்தனர். டி.என்.ஏ. மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்தப் புழு எந்த இலையைத் தின்றது என்று 25 ஆண்டுகள் எழுதி வைத்த குறிப்புகளும் சேர்ந்தே சொல்லின. 2006இல் மற்றோர் அறிஞர் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, மூன்று முதல் ஏழு பிரிவுகளுக்கே ஆதாரம் உண்டு என்று மறுத்தார். தரவுகள் எல்லாருக்கும் கிடைத்தமையால் அறிவியல் வாதம் நடந்தது. பூட்டி வைத்திருந்தால் நம்பிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பிழையைத் திருத்துவது யார்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் நிலத்துப் பட்டாவில் தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து தவறிப்போயிற்று. அதைத் திருத்த அப்பா நான்கு ஆண்டுகள் அலைந்தார். நிலம் கண்ணெதிரே இருந்தும் ஏட்டில் அது எங்களுடையதாக இல்லை. பதிவுப் பிழை என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எவரும் பாடம் படித்து அறிய வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ஜென்பேங்க் தரவகத்தில் ஒரு பதிவின் பெயர் தவறு என்று பிறர் கண்டாலும், அதை அளித்தவரே திருத்தம் தர வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருந்தால்? பிழை அப்படியே நிற்கும்; அதை நம்பி அடுத்தவரும் பிழை செய்வார். ஆகவே, பதிவின் மீது பிறர் ஐயக்குறிப்பு எழுத வழி வேண்டும். போல்டில் அதற்கு வசதி உண்டு.

பெயரே இல்லாத உயிரினங்களின் கதி என்ன? 2013இல் இதற்கொரு வழி வெளியிடப்பட்டது. ஒத்த எழுத்து வரிசைகளைக் கணிப்பொறி ஒரு தொகுதியாக்கி அதற்கு ஓர் எண் தரும். 'பின்' எனப்படும் அவ்வெண்ணின் கீழ்ச் செய்திகளைச் சேர்த்து வரலாம். அறிஞர் இட்ட பெயர் பின்னர் வந்து சேரும்.

நாம் செய்யக்கூடியது

உயிரினங்கள் மிகுந்த வெப்பமண்டல நாடுகளின் பதிவுகளோ குறைவு. நம் நாடும் அவற்றுள் ஒன்று. எழுத்து வரிசையைப் படிக்கும் பொறி நம் கல்லூரியில் இல்லை என்று சோர்ந்திருக்க வேண்டியதில்லை. சாராயப் புட்டியில் இடும் ஒவ்வோர் உயிருக்கும் ஊர், நாள், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டை உள்ளே இட நமக்குப் பொறி தேவையா? பென்சில் போதும், மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது. அச்சீட்டு இல்லாத உடலிலிருந்து நாளை எத்தனை பெரிய ஆய்வகம் டி.என்.ஏ. எடுத்தாலும், அது எந்த ஊர் உயிர் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மாணவ நண்பர்களே, பதிவேட்டின் முதல் வரி நம் கையில் இருக்கிறது. அதைப் பிழையின்றி எழுதுவோம்!