இரண்டு இழை, ஒரே கம்பம்

அயல்நாட்டு நிறுவனத்தின் வேலையை அயல்நாட்டுக்குப் போகாமலே செய்யலாம் என்பது கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களுக்குப் புதிய வாய்ப்பு. வள்ளியாறு கடலில் கலக்கும் இடத்தில், முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே அமைந்துள்ள கடியப்பட்டணம் போன்ற ஊர்களில் வெளிநாட்டுச் சம்பளம் என்றால் கடவுச்சீட்டு, விசா, வளைகுடா நாட்டுப் படகு அல்லது கட்டுமானத் தளம் என்பதே நெடுநாள் வழக்கம். 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பிற நிறுவனங்களுக்காக இணைய வழியில் பணி செய்து கொடுக்கும் நிறுவனங்கள் மீது அதுவரை இருந்த பதிவு, வங்கி உத்தரவாதம் முதலிய கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, அவற்றின் ஊழியர்கள் வீட்டிலிருந்தோ நாட்டின் வேறெந்த மூலையிலிருந்தோ வேலை பார்க்க வழிவிட்டது. விதிகள் விலகிய பிறகு எஞ்சி நிற்கும் தடை இணைய இணைப்பு; அதிலும் அதன் வேகத்தைவிட, அது அறுபடாமல் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

விளம்பரங்கள் வேகத்தையே பேசுகின்றன. நொடிக்கு 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று பலகைகளில் எழுதப்படும் எண்கள், ஒரு நொடியில் எவ்வளவு தரவு வீட்டுக்குள் வந்து சேரலாம் என்பதற்கான மேல் எல்லையே அன்றி, அது எப்போதும் வந்து சேரும் என்பதற்கான வாக்குறுதி அல்ல. உயர்தரக் காணொளிக் கூட்டம் ஒன்றுக்குப் பெரும்பாலும் நொடிக்கு மூன்று, நான்கு மெகாபிட் போதும். ஆனால் அந்த அளவு போவதற்கும் வருவதற்கும் ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். தரவு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுவதால், அவற்றில் சில வழியில் தொலைந்தாலும், முன்னும் பின்னுமாகத் தடுமாறி வந்தாலும், எத்தனை மெகாபிட் திட்டம் எடுத்திருந்தாலும் எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் துண்டு துண்டாகவே கேட்கும். இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று தாமதம். அதாவது ஒரு பொட்டலம் எதிர்முனைக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம்.

தாமதத்தின் அடித்தளத்தை நிர்ணயிப்பது நிறுவனம் அல்ல, இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது என்பதால், ஒவ்வோர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் போக வரப் பத்து மில்லிநொடி ஆகிறது. கடியப்பட்டணத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கம்பிவடம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு ஏறத்தாழ 40 மில்லிநொடிக்குக் குறைவாகத் தாமதம் அமைய வழியே இல்லை. ஐரோப்பாவுக்கு அது நூறைத் தாண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இருநூறைத் தாண்டும். ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருக்கும்வரை பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாகவே நடக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அந்த அளவுகோலின்படி பார்த்தால் தூரம் மட்டுமே யாருடைய வேலையையும் கெடுப்பதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. 2005 இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த, சிங்கப்பூரையும் பிரான்சின் மார்சேயையும் இணைக்கும் சீ-மீ-வீ 4 என்ற கடலடி வடம் மும்பை, கொழும்பு, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் கரையேறுகிறது. எனவே அது இந்தியாவின் தென்முனையைச் சுற்றியுள்ள கடலின் அடியில்தான் கிடக்கிறது. அந்தக் கடலைப் பார்த்தபடி அமர்ந்து வேலை செய்பவரின் தரவோ, பொதுவாக நிலவழியே மதுரை, சென்னை என்று வடக்கே ஏறி, அதன் பிறகே கடலில் இறங்குகிறது. அத்தகைய வடங்கள் அறுபட்டதும் உண்டு. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே வடங்கள் சேதமுற்றபோது இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெரிதும் பாதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெத்தா அருகே இதே சீ-மீ-வீ 4 வடமும் இன்னொன்றும் அறுந்தபோது ஐரோப்பா நோக்கிய தரவு சுற்றுவழியில் போக நேர்ந்து தாமதம் கூடியது. செய்தித்தாள்கள் பெரிதாக எழுதுவது இத்தகைய அறுப்புகளைத்தான். ஆனால் வேலை கெடும் நாள்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கடலடியில் இல்லை. அது தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடுவே, ஒரு மின்கம்பத்தில் தொங்குகிறது.

வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்பு இன்று பெரும்பாலும் ஒரே முறையில்தான் அமைகிறது. சேவையாளரின் நிலையத்தில் உள்ள ஒரு கருவியிலிருந்து புறப்படும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டிக்குள் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டுக்குப் போகிறது. பரவலாக உள்ள வகையில் இறங்கு திசைக்கு நொடிக்கு இரண்டரை கிகாபிட்டும், ஏறு திசைக்கு அதில் பாதியும் அத்தனை வீடுகளுக்கும் பொதுவானவை. ஸ்ப்ளிட்டர் வெறும் ஒளியைப் பிரிப்பதே அன்றி மின்சாரத்தில் இயங்குவதல்ல என்பது இம்முறையின் பெரும் சிறப்பு: நிலையத்திலும் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் போதும், நடுவழியில் கரண்டு போனாலும் இணைப்பு போகாது. எனினும் உள்ளூர்க் கேபிள்காரர்கள் சிலர் செலவைக் குறைக்க, இழையை ஒரு வீட்டு மாடி வரை கொண்டுவந்து, அங்கே மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, அங்கிருந்து சாதாரணச் செம்பு லேன் கம்பியால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றனர். அந்த மாடி வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் நாலு வீட்டு அலுவலகமும் சேர்ந்து மூடும். இடிமின்னல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை நாள்களில் வெளியே கட்டிய செம்புக் கம்பி வழியே மின்னழுத்தம் பாய்ந்து கருவி கருகுவதும் நடக்கும். கண்ணாடி இழைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே புதிய இணைப்பு எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மெகாபிட் என்பதல்ல. இழை நேராக வீட்டுக்குள் வருகிறதா, நடுவே கரண்டில் ஓடும் பெட்டி ஏதும் உண்டா என்பதே.

வீட்டுச் சுவரில் மாட்டப்படும் கருவியில் லாஸ் என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பலருக்கும் தெரிந்தது அந்த விளக்கு மட்டுமே. ஆனால் பல பழுதுகளில், இணைப்பு முழுதாக அறுபடுவதற்குப் பல நாள் முன்பே ஒளி மங்கத் தொடங்கியிருக்கும். கருவியின் உள்பக்கத்தை உலாவியில் திறந்தால், வந்து சேரும் ஒளியின் வலிமை கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். அது −20, −22 என்ற அளவில் இருப்பது நல்லது. −27ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அந்த எண் மூன்று அலகு இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கொள்ளலாம். இணைப்புக் கொடுத்த அன்றே இந்த எண்ணைக் குறித்து வைத்திருப்பவர், மழைக்குப் பிறகு அது நான்கைந்து இறங்கியிருப்பதைக் கண்டதும், எங்கோ ஒரு ஜாயின்ட்டில் ஈரம் ஏறியிருக்கிறது அல்லது கம்பி மடங்கியிருக்கிறது என்று கேபிள்காரரிடம் சான்றோடு சொல்ல முடியும். வெறுமனே “நெட் மெதுவா இருக்கு” என்று சொல்லும் புகாருக்குக் கிடைக்காத மதிப்பு இதற்குக் கிடைக்கும்.

கடற்கரையில் இழையைக் கெடுப்பவை பல. கண்ணாடி துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தாங்கும் உருக்குக் கம்பி, கம்பத்துக் கொக்கி, கருவியின் மின்முனை ஆகியவை உப்புக் காற்றில் சில ஆண்டுகளிலேயே அரிக்கப்படுகின்றன. ஆடிக்காற்றில் விழும் தென்னை மட்டை, பாறைப்பொடியும் கருங்கல்லும் ஏற்றி உயரமாகச் செல்லும் டாரஸ் லாரி, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டும் பள்ளம், ஆலயத் திருவிழாவில் தேர்ப்பவனிக்காகக் கம்பிகளைத் தூக்கிக் கட்டும் நீண்ட கழி என எதனாலும் அறுபடக்கூடிய உயரத்தில்தான் அது தொங்குகிறது. 2021இல் மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று அன்றைய மின்துறை அமைச்சர் கூறியபோது எழுந்த கேலி பலருக்கும் நினைவிருக்கும். இழைக்கம்பியைப் பொறுத்தவரை அந்தப் பழி அணிலுக்கும் எலிக்கும் நன்றாகவே பொருந்தும்.

மின்சாரம் தனிக் கணக்கு. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளிதழில் அறிவித்துவிட்டுக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம், பிற்பகலிலோ மாலையிலோ திரும்புகிறது. வீட்டுக் கருவிக்குத் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு வாட் மட்டுமே. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று அதை ஐந்தாறு மணி நேரம் இயக்கிவிடும் என்பதால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இந்தக் கருவிக்கென ஒரு சிறு யுபிஎஸ் வைப்பது செலவுக்கு மேல் பயன் தரும். எல்லாக் கணக்கையும் உடைத்த நிகழ்வும் இங்கே உண்டு. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கிப் புயல் தாக்கியபோது மாவட்டம் முழுதும் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கம்பத்தை நம்பியிருந்த கம்பிகளும் கம்பத்தோடு போயின.

வேலை தரும் நாடு எது என்பதைப் பொறுத்து இடையூறும் மாறுகிறது என்பது பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. சிங்கப்பூரின் காலை ஒன்பது மணி இங்கே ஆறரை; அந்நாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவரின் நாளில் பெரும்பகுதி பராமரிப்பு மின்தடையின் நேரத்தோடு மோதுகிறது. ஜெர்மனியின் அலுவல் நேரம் பருவத்துக்கேற்பப் பகல் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்குவதால், அதற்கு இடையூறு ஒப்பளவில் குறைவு. நியூயார்க்கின் காலை இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. தெரு முழுதும் தொலைக்காட்சித் தொடரும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரமும், வளைகுடாவில் இருப்பவர்கள் வேலை முடிந்து வீட்டாரோடு காணொளியில் பேசும் நேரமும் அதுவே. கேபிள்காரர் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு அப்போதுதான் நெருக்கடிக்கு உள்ளாகிறது. இரவு பத்து மணிக்கு இழை அறுந்தால் ஜாயின்ட் அடிக்க ஆள் வருவது மறுநாள் காலையில்தான். அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவருக்கு மாற்று இணைப்பு கட்டாயம் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மாற்று இணைப்பு என்றதும் இன்னொரு நிறுவனத்தின் இழையை வாங்குவோர் உண்டு. இரண்டு நிறுவனங்களின் இழைகளும் ஒரே மின்கம்ப வரிசையில், சில சமயம் ஒரே கேபிள்காரரின் கையால் கட்டப்பட்டு வருகின்றன என்றால், லாரி ஒன்று இழுத்துச் செல்லும்போது இரண்டும் சேர்ந்தே போகும். மாதந்தோறும் இரண்டு கட்டணம் செலுத்தியும் நடைமுறையில் கிடைப்பது ஒரே இணைப்புதான். வேறு காரணத்தால் மட்டுமே கெடக்கூடிய இரண்டாவது வழியே மாற்று. எளிதில் கிடைப்பது கைப்பேசி வலை. அதற்கும் தென்னந்தோப்பு, தடித்த கான்கிரீட் சுவர், கோபுரத்தின் மின்கலம் தீரும் நேரம் என்று தனி வரம்புகள் உண்டு. எனவே வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களை அதே அறையில், அதே இரவு நேரத்தில் சோதித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. 2023 முதல் விற்கப்படும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகள், 5ஜி அலையை மாடியில் நிறுவிய கருவியால் வாங்கிக் கொடுப்பதால், கைப்பேசியைவிட நிலையாக இருக்கக்கூடும்.

செயற்கைக்கோள் இணையத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு கடற்கரையில் மிகுதி. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள்களில் தாமதம் அரை நொடிக்கு மேல் ஆகும். 550 கிலோமீட்டர் அளவில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் அந்தக் குறை இல்லை. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது; இந்தியாவில் அதற்கு முந்தைய மாதம் உரிமம் பெற்றது. ஆயினும் உரிமம் வேறு, அலைக்கற்றை ஒதுக்கீடும் பாதுகாப்பு ஒப்புதலும் முடிந்து வீடுகளுக்குச் சேவை விற்கப்படுவது வேறு. வெளிநாட்டில் வாங்கிய ஆண்டெனாத் தட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று எண்ணுவோர், அனுமதியற்ற செயற்கைக்கோள் கருவி இந்தியாவில் குற்றம் என்பதையும், கடலோரத்தில் அதன் மீதான கண்காணிப்பு கூடுதல் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

அரசின் இழையும் இந்த மாவட்டத்தில் ஓடுகிறது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம் நடத்துகிறது. 2022 ஜூனில் அப்பணி தொடங்கி வைக்கப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு கிகாபிட் என்பது அதன் இலக்கு; அங்கிருந்து வீட்டுக்கு இழை இழுப்பது இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை.

வீட்டுக்குள்ளே செய்ய வேண்டியவை சில்லறை வேலைகளே. மேசைக் கணினியை வைஃபையில் விடாமல் லேன் கம்பியால் இணைப்பதும், கைப்பேசிகள் படங்களைத் தாமாகவே மேகக் கிடங்குக்கு ஏற்றுவதைக் கூட்ட நேரத்தில் நிறுத்தி வைப்பதும் பல சிக்கல்களைத் தீர்க்கும். நிறுவனத்தின் பாதுகாப்பு வலைக்குள் நுழைய முடியாமல் போனால், ஒரே பொது இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை காரணமாக இருக்கலாம். கூடுதல் கட்டணத்தில் தனி நிலை முகவரி கேட்டுப் பெறலாம்.

பழுது நாள்கணக்கில் நீண்டால் வாடகையில் கழிவு பெற இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் இடமளிக்கின்றன. எனினும் கழிவு கணக்கிடப்படுவது வாடகையின் மேல்தானே தவிர, இழந்த சம்பளத்தின் மேல் அல்ல. தனிநபர் புகாரை ஆணையம் நேரடியாக விசாரிப்பதும் இல்லை. முதலில் சேவையாளரிடம் பதிந்து எண் வாங்க வேண்டும்; அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும்; கேபிள்காரரிடம் கைப்பேசியில் வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கு எண் கிடையாது என்பதால், மேல்முறையீட்டில் அது கணக்கிலும் வராது.