குழந்தைப் பருவத்தின் எல்லையை வகுப்பது யார்?

குழந்தை பிறப்பதும் வளர்வதும் இயற்கையின் நியதி. ஆயின், எந்த வயது வரை ஒருவரைக் குழந்தையாகக் கருதுவது, அவரிடம் எதை எதிர்பார்ப்பது, எதிலிருந்து அவரைக் காப்பது என்பனவற்றைச் சமுதாயமே முடிவு செய்கிறது. இதனையே சமூகவியல் அறிஞர்கள் 'குழந்தைப் பருவம் ஒரு சமுதாய ஆக்கம்' என்று கூறுவர்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இக்கருத்துக்கு வித்திட்டது. இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் தனியானதொரு வாழ்க்கைக் கட்டமாக உணரப்படவில்லை என்றும், பள்ளியும் நடுத்தரக் குடும்பமும் வளர்ந்த பின்னரே அவ்வுணர்வு வேரூன்றியது என்றும் அவர் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளைப் பின்வந்த ஆய்வாளர் பலர் மறுத்துள்ளனர். எனினும் அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது.

தமிழ் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. பெண்ணின் வாழ்நாளை நம் முன்னோர் ஏழு பருவங்களாகப் பகுத்தனர். 5 முதல் 7 வயது வரை பேதை. 8 முதல் 11 வரை பெதும்பை. 12, 13 வயதில் அவள் மங்கை. இன்றைய சட்டம் குழந்தை என்று கருதும் 13 வயதுச் சிறுமியை அம்மரபு மங்கையர் வரிசையில் வைத்தது.

மைசூர் காட்டிய வழி

குழந்தைப் பருவத்தின் எல்லையை அரசு எவ்வாறு மாற்றியமைக்கிறது என்பதற்கு மைசூர் சமஸ்தானத்தின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும். மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் காலத்தில், சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது, 1894ஆம் ஆண்டு குழந்தை மணத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 8 வயது நிறையாத சிறுமிக்கு மணம் செய்விப்பதை அது தடுத்தது. 50 வயதைக் கடந்த ஆடவர் 14 வயதுக்குட்பட்ட சிறுமியை மணப்பதையும் விலக்கியது. இன்று நோக்குங்கால் இவ்வரம்பு மிகச் சிறிதாகத் தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் திருமணத்திற்குக் குறைந்தபட்ச வயதை வகுத்த சாரதா சட்டம் வருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே இச்சட்டம் பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 என்று வகுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 18 ஆக்கியது. மைசூர்ச் சட்டத்திலிருந்து கணக்கிட்டால், 84 ஆண்டுகளில் வரம்பு 8இலிருந்து 18க்கு உயர்ந்துள்ளது. சிறுமியின் உடலும் உள்ளமும் வளரும் முறை மாறிவிடவில்லை. சமுதாயம் அவளுக்கு வழங்க இசைந்த காலமே பத்தாண்டு நீண்டது.

மண வயதைப் போன்றே பள்ளியும் குழந்தைப் பருவத்தை உருவாக்கும் கருவியாகும். கட்டாயத் தொடக்கக் கல்விக்காகக் கோகலே கொண்டுவந்த மசோதா 1912இல் இம்பீரியல் சட்டமன்றத்தில் தோல்வியுற்றது. மறு ஆண்டே, விசுவேசுவரய்யா திவானாக இருந்த மைசூரில், தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது.

வருவாயும் மதிப்பும்

குழந்தைப் பருவத்திற்குப் பொருளாதார அடித்தளமும் உண்டு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் விவியானா செலிசர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 1870 முதல் 1930 வரையிலான காலத்தில் நேர்ந்த மாற்றத்தை விளக்குகிறது. குடும்பத்திற்கு வருவாய் ஈட்டித்தந்த குழந்தை, படிப்படியாகப் பொருளாதாரப் பயனற்றதாகவும் உணர்ச்சி வகையில் விலைமதிப்பற்றதாகவும் ஆயிற்று.

நம் நாட்டில் இம்மாற்றம் எல்லாக் குடும்பங்களையும் எட்டவில்லை. மைசூருவின் புகழ்பெற்ற ஊதுபத்தித் தொழிலை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் இருந்தவாறே பத்தி உருட்டும் பெண்களுக்கு எண்ணிக்கைக்கேற்பக் கூலி கிடைக்கிறது. எண்ணிக்கைக் கூலியில் உதவிக்கு வரும் ஒவ்வொரு கையும் வருவாய். இத்தகைய வீடுகளில் பிள்ளையின் பள்ளி நேரத்திற்கு ஒரு விலை இருக்கிறது. அதனைத் தாய் செலுத்துகிறாள். கூலி உயராமல் அறிவுரை மட்டும் கூறினால் பயன் விளையாது.

மறுபுறம், பள்ளியே சுமையாகும் நிலையும் உண்டு. மைசூருவில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989இல் ஆற்றிய உரையில், பள்ளிச் சிறுவர் முதுகில் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியே பேசினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு, 1993இல் அளித்த அறிக்கையில், பையின் எடையைக் காட்டிலும் பாடம் புரியாமையே பெருஞ்சுமை என்று சுட்டிக்காட்டியது. ஒரு பிள்ளைக்குப் பள்ளி எட்டாமலும், இன்னொரு பிள்ளைக்குப் பள்ளியால் விளையாட்டு எட்டாமலும் போவது ஒரே சமுதாயத்தின் இரு முகங்கள்.

இடையில் நிற்கும் நான்கு ஆண்டுகள்

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என்கிறது. நம் சட்டங்களோ ஒரே எல்லையைக் கொள்ளவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விக்கு உறுதியளிக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது வரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரையிலானோருக்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே விலக்குகிறது. பெண்ணின் மண வயதோ 18.

ஆகவே, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட 14 வயதுச் சிறுமிக்குக் கல்வி உரிமை முடிந்துவிடுகிறது. பல வேலைகளுக்குத் தடை இல்லை. மணத்திற்கு மட்டும் தடை உண்டு. பள்ளியும் இல்லாமல் பாதுகாப்பும் குறைந்த இந்நான்கு ஆண்டுகளில்தான் பெற்றோருக்குத் திருமணம் எளிய வழியாகத் தோன்றுகிறது. குழந்தை மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கக் கருநாடகம் 2016இல் சட்டத் திருத்தம் செய்தது. ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 21 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள்.

சட்டம் எல்லைக்கோட்டை வரையும். அக்கோட்டிற்குள் வாழ்வதற்கான வசதியைத் திட்டங்களே ஏற்படுத்தவேண்டும். நடந்து செல்லும் தொலைவில் உயர்நிலைப் பள்ளி, பாதுகாப்பான விடுதி, தாய்க்கு நியாயமான கூலி ஆகியவை கிடைத்தால், 14 வயதுச் சிறுமி மேலும் நான்கு ஆண்டுகள் குழந்தையாக இருக்க இயலும். குழந்தைப் பருவம் சமுதாயம் ஆக்கியது எனில், அதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக ஆக்கித் தரும் பொறுப்பும் சமுதாயத்தையே சாரும்.