கணிப்பொறி மூட்டை கட்டுகிறது

வீடு மாறும்போது கட்டிலை அப்படியே வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடிவதில்லை. கால்களையும் சட்டங்களையும் கழற்றி, கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றுகிறோம். புது வீட்டில் மீண்டும் பூட்டுகிறோம். எந்தக் கால் எந்த மூலைக்கு உரியது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்? கட்டில் ஆடும், அல்லது நிற்கவே நிற்காது.

கணிப்பொறியும் இவ்வேலையைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. அதன் நினைவகத்தில் பட்டியல்களாகவும் அட்டவணைகளாகவும் இருக்கும் தகவலைத் தட்டில் சேமிக்கவோ, கம்பி வழியே வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பவோ வேண்டுமானால், அதை ஒற்றை வரிசையில் செல்லும் பைட்டுகளாக மாற்றியாக வேண்டும். பைட் என்பது 0 முதல் 255 வரை மதிப்புக் கொள்ளும் ஓர் அலகு. இம்மாற்றத்தைத் ‘தொடராக்கம்’ எனலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்க முடியும். கைடோ வான் ராசம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் உரையாடும் முறை ஒன்று உண்டு. அதைத் திறந்தால் திரையில் >>> என்ற குறி தோன்றும். அதன் எதிரே ஒரு கட்டளையைத் தட்டினால் உடனே விடை வரும். சோதனைக் குழாயில் ஒரு சொட்டு அமிலம் விட்டு நிறமாற்றத்தைப் பார்ப்பது போன்றதே இது.

முதல் சோதனை

500 என்ற எண்ணை நான்கு பைட்டுகளாகக் கட்டச் சொல்லுங்கள். 500 என்பது ஒரு 256-உம் 244-உம் சேர்ந்தது. ஆகவே விடை 0, 0, 1, 244 என வரும். இது பெரிய முனையை முதலில் வைக்கும் முறை. சிறிய முனையை முதலில் வைக்கச் சொன்னால் 244, 1, 0, 0 என வரும். இரண்டும் சரியே.

இப்போது, சிறிய முனை முறையில் கட்டியதைப் பெரிய முனை முறையில் பிரிக்கச் சொல்லுங்கள். திரையில் 4093706240 என்று வரும்! ஐந்நூறு ரூபாய் 409 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. கட்டியவருக்கும் பிரித்தவருக்கும் இடையே உடன்பாடு இல்லை, அவ்வளவுதான்.

இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் பெரிய முனை முறையைப் பின்பற்றுகின்றன. இன்டெல் செயலிகளோ சிறிய முனை முறையைக் கையாளுகின்றன. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட் நாட்டார் சண்டையிட்டதாக ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதினார் அல்லவா? அந்தக் கதையிலிருந்தே இம்முறைகளுக்குப் பெயர் எடுத்து, 1980-இல் டேனி கோஹன் ஒரு கட்டுரை எழுதினார். அப்பெயர்களே நிலைத்துவிட்டன.

இரண்டாம் சோதனை

‘கிளி’ என்ற சொல்லை யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்குங்கள். நம் கண்ணுக்கு இரண்டே எழுத்துகள். கிடைப்பதோ 12 பைட்டுகள்! ‘கி’ என்பது 224, 174, 149 என்ற ‘க’வும், 224, 174, 191 என்ற இகரக் குறியும் சேர்ந்தது. முதல் 9 பைட்டுகளை மட்டும் எடுத்துப் பிரித்தால் ‘கிள’ என நிற்கும். 10 பைட்டுகள் எடுத்தால் கருவி பிழை என்று மறுத்துவிடும். படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் சில வேளை வால் அறுந்து நிற்பதற்கு இவ்வாறு வெட்டுவதும் ஒரு காரணமாகலாம்.

மூன்றாம் சோதனை

வரிசை எண் 7-க்கு எதிரே ஒரு மாணவர் பெயரை எழுதி, அந்த அட்டவணையை ஜேசான் முறையில் கட்டிப் பிரியுங்கள். பிறகு 7 என்ற எண்ணைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று விடை வரும். ஜேசான் அட்டவணையில் திறவுச்சொற்கள் எழுத்துகளாகவே இருக்க வேண்டும். எண் 7, எழுத்து "7" ஆகிவிட்டது. பைத்தானுக்கே உரிய பிக்கிள் முறை எண்ணை எண்ணாகவே காக்கும். ஆனால் பிறர் அனுப்பிய பிக்கிள் மூட்டையைப் பிரிக்காதீர்கள். அதனுள் ஒளிந்திருக்கும் கட்டளைகள் பிரிக்கும்போதே உங்கள் கணிப்பொறியில் இயங்கிவிடக்கூடும்.

எண் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் போதாது. அதன் பொருளும் சேர வேண்டும். 1999 செப்டம்பரில் நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் எழுதித் தந்தது. அதைப் படித்த மற்றொன்று நியூட்டன் அளவு என்று கொண்டது. வேறுபாடு சுமார் 4.45 மடங்கு. எண்களில் பிழையில்லை, உடன்பாட்டில்தான் பிழை.

ஆகவே, மூட்டையைக் கட்டுமுன் அதைப் பிரிக்கப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியதை உடனே பிரித்து, முன்னிருந்ததுதானா என்று ஒப்பிட்டும் பாருங்கள். >>> குறியின் எதிரே அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.