கருவினுள் மடிந்த சவ்வுகள்

இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றெனப் போற்றப்படும் திருக்கோணமலை, கப்பல்களுக்கு மட்டுமன்றி எண்ணிறந்த கடல்வாழ் உயிர்களுக்கும் புகலிடமாகும். இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையறிஞருமான கெலாட், 1850களின் பிற்பகுதியில் இக்கரையின் ஓடற்ற கடல்நத்தைகளை ஆராய்ந்து, பலவற்றுக்குப் புதிதாகப் பெயரிட்டார். அவர் விவரித்தது உயிர்களின் வடிவை. முதுகெலும்பற்ற கடலுயிர்களின் முட்டைக்குள், அதன் கருவுக்குள், நூறாண்டு கழித்துக் காணப்பட்ட விந்தையொன்றை ஈண்டு நோக்குவாம்.

கலத்தின் கருவை இரு சவ்வுகளாலாகிய உறையொன்று சூழ்ந்துள்ளது. அவ்வுறையில் நுண்டுளைகள் உள என்பதை, 1950இல் கலன், தொம்லின் என்போர் தவளையினத்து முட்டைகளில் இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் கண்டனர். துளை ஒவ்வொன்றும் வெறும் ஓட்டையன்று. பல புரதங்கள் வளையமாக அமைந்த வாயில். கருவுக்குட் புகுவனவும் வெளியேறுவனவும் இவ்வாயில் வழியே செல்லும். சவ்வடுக்குகள் கருவுக்குப் புறத்தேயுள்ள குழியவுருவுக்கு உரியன. கருவினுள்ளே நிறமூர்த்தங்களும் புன்கருவுமே உள என்பது பாடநூல் விதி.

இவ்விதிக்குப் புறநடை உண்டு. கடல்முள்ளியின் வளரும் முட்டையை அவ்சீலியசு 1955இல் ஆராய்ந்தார். அத்தகைய முட்டைகளின் குழியவுருவிற் கருவுறையையொத்த சவ்வுகள், துளைகளுடன், ஏடுகள்போல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. 1956இல் சுவிப்ற்று இவற்றுக்கு இட்ட பெயரைத் தமிழில் 'வளையத் தகடுகள்' எனலாம். பின்னர், 1960களில், ஆசிடியன் என்னும் பைபோன்ற கடலுயிரின் முட்டையிற் கருவினுள்ளேயே இத்தகடுகள் இருத்தலை இசூ முதலியோர் விவரித்தனர்.

இவை முன்னர்ப் புலப்படாமை ஏன்? துளைவாயில் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 120 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். ஒளி நுணுக்குக்காட்டியோ 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். கருவுறை உள்நோக்கி மடிந்திருப்பின், அம்மடிப்பை வெட்டிய மெல்லிய சீவலிலும் கருவினுட் சவ்வு இருப்பதுபோலத் தோன்றுமன்றோ? தோன்றும். ஆயின் மடிப்பின் நடுவே குழியவுரு இருக்கும்; உண்மையான உட்கருத் தகட்டின் இருமருங்கும் கருச்சாறே இருக்கும். தொடர்ச்சீவல்களை வரிசையாக நோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். எவரிங்காம் 1968இல் இத்தகடுகள் கருவுறையோடு ஒட்டிநிற்றலை எடுத்துக்காட்டினார். உறையின் உட்சவ்வு சிறு குமிழ்களாகப் பிதுங்கி, அவை இணைந்து தகடுகளாகின்றன என்பது ஒரு கொள்கை.

இனி, இவற்றின் பயன் யாது? கருக்கட்டிய முட்டை விரைந்து பிளவுறும். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும் கருக்கள் அனைத்துக்கும் உறையும் வாயில்களும் வேண்டும். விதைநெல்லைச் சேமித்து வைக்கும் உழவனைப்போல முட்டையும் வாயில்களை முன்னரே செய்து வைக்கின்றதோ என அறிஞர் கருதினர். பழ ஈயின் இளமுளையத்திற் கருக்கள் 10 முதல் 20 நிமிடங்களுக்கொருமுறை பிரியும் பருவத்தில், குழியவுருவிலுள்ள தகடுகள் விரியும் கருவுறையிற் சென்று சேர்ந்து துளைகளை வழங்குதல் 2016இற் காட்டப்பட்டது. சேமிப்புக் கொள்கைக்கு இது வலுவான சான்று. எனினும், புறத்தகடுகளுக்குப் பொருந்திய விடை உட்கருத் தகடுகளுக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தகாது. உருவம் ஒத்திருத்தல் தொழில் ஒத்திருத்தற்குப் போதிய சான்றாகாது.

நம் கல்லூரி ஆய்வுகூடத்தின் எளிய நுணுக்குக்காட்டியும் கடல்முள்ளியின் இளமுட்டையிலுள்ள பெருங்கருவையும் அதனுட் புன்கருவையும் காட்டவல்லது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத்தீவில் உயிர்களைத் திரட்டுதல் கூடாது. உரிய அனுமதியுடன் பிற இடங்களிற் பெறலாம். தகடுகளை அக்கருவி காட்டாது. ஆயினும் அவை உறையும் இடத்தை மாணவர் கண்ணாரக் காணலாம். விதியைக் கற்றலோடு, விதி வழுவும் இடத்தை உற்றுநோக்கலும் அறிவியற் கல்வியின் பாற்படும்.