கணவர் அமெரிக்காவில், மனைவி அம்பாசமுத்திரத்தில்: குடியேற்ற விசாவுக்கு நம்ம ஊரில் தயார் செய்ய வேண்டியவை

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை அமெரிக்காவுக்கு பிளேன் ஏறிய மறுநாளே வீட்டில் ஒரு கேள்வி ஆரம்பித்துவிடும்: "பொண்ணு எப்ப போறா?" பாபநாசத்திலிருந்து ஆற்றோடு இறங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. பதில் முழுக்க அமெரிக்காவில்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. விசா கொடுப்பது அவர்கள். ஆனால் மனைவியின் பக்கத்தில் அவர்கள் கேட்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை நம்ம சார்பதிவாளர் அலுவலகத்திலும், பிறப்புப் பதிவேட்டிலும், பாஸ்போர்ட் சேவா மையத்திலும் உருவாகின்றன. ஒரு ஆவணம் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேரும் நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். அதைத் தவிர்க்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கேளுங்க: அவருக்கு அங்கே என்ன அந்தஸ்து?

"அமெரிக்காவில் வேலை" என்பது மட்டும் போதாது. இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் தப்பே இல்லை. மூன்று வகை உண்டு.

கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. மனு ஏற்கப்பட்டதும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கணவரிடம் கிரீன் கார்டு மட்டும் இருந்தால், மனைவியின் மனு எஃப்2ஏ என்ற பிரிவில் வரும். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் மனுத் தேதி வரும்வரை காத்திருக்கணும். இடையில் கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால் மனு முதல் வகைக்கு மாறிவிடும். இன்னொரு விஷயம்: வேலை வழியாக அவருக்கு கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் நடந்திருந்தால், புது மனு இல்லாமலேயே மனைவி பின்தொடர்ந்து போகும் வழி இருக்கலாம். அதை அவர் அங்கே வழக்கறிஞரிடம் கேட்கட்டும்.

கணவர் எச்-1பி வேலை விசாவில் இருந்தால், மனைவிக்காகக் குடியேற்ற மனு போட முடியாது. மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்ற சார்பு விசா. அது நிரந்தரக் குடியேற்றம் அல்ல. இந்தக் கட்டுரை முதல் இரண்டு வகைக்கானது.

மனுவிலிருந்து மும்பை வரை

முதல் படி கணவருடையது. ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடியேற்ற சேவைத் துறையில் அவர்தான் போட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விண்ணப்பக் கட்டணம் 325 டாலர், ஆதரவு உறுதிமொழிக் கட்டணம் 120 டாலர். அதன்பின் மனைவி டிஎஸ்-260 படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை. கட்டும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி கொடுக்கணும். குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப அமெரிக்க அரசு வைத்திருக்கும் வறுமைக்கோட்டு அளவில் குறைந்தது 125 சதவீத வருமானம் அவருக்கு வேண்டும். குறைந்தால் அங்கே உள்ள இன்னொருவர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். முதலில் பார்க்கப்படுவது அவருடைய வருமானமும் வரிக் கணக்கும்தான். ஆகவே பெண்வீட்டு வயலுக்கும் வீட்டுக்கும் மதிப்புச் சான்று வாங்க ஆரம்பத்திலேயே அலைய வேண்டாம்.

சில வீடுகளில் குடிமகனான கணவர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கியிருப்பார். அவர் இந்தியாவிலிருந்தே மனு போடலாம். ஆனால் அமெரிக்காவில் தமக்கு நிரந்தர வசிப்பிடம் இருக்கிறது, அல்லது மனைவி நுழையும் நேரத்துக்குள் அங்கே திரும்பிக் குடியமர்வேன் என்பதைக் காட்டியாக வேண்டும்.

ஆவணங்கள் சரியாக இருந்தால் நேர்காணல் தேதி வரும். சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். குடியேற்ற விசா நேர்காணல் பொதுவாக மும்பையில்தான் நடக்கும். கடிதத்தில் எந்த ஊர் என்று இருக்கிறதோ அங்கே போகணும். நெல்லையிலிருந்து தாதருக்கு நேரடி ரயில் உண்டு. தினசரி இல்லை என்பதால் தேதி வந்ததும் டிக்கெட் போட்டுவிடுங்கள். நேர்காணலுக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே அதைச் செய்ய முடியும். உள்ளூர் டாக்டரின் சான்று செல்லாது. தடுப்பூசிப் பதிவுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

திருமணப் பதிவு: லீவு முடிவதற்குள்

கோயில் ரசீது, மண்டப பில், சர்ச் சான்று, ஜமாஅத் பதிவேடு எல்லாம் துணை ஆதாரம்தான். அரசுப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்துத் திருமணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டிவிட்டால் சார்பதிவாளரை நேரில் பார்த்து அடுத்த வழியைக் கேளுங்கள். இந்துத் திருமணம் என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

இதில் இருவரின் கையெழுத்தும் தேவை. மாப்பிள்ளை 20 நாள் லீவில் வந்திருக்கிறார் என்றால், மறுவீட்டு விருந்துக்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.

மணமக்கள் வெவ்வேறு மதம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து 30 நாள் கழித்துத்தான் திருமணம் நடத்த முடியும். குறுகிய லீவில் வந்து முடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

போனிலும் வீடியோவிலும் நடந்த திருமணத்தை, அதன்பின் தம்பதி நேரில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்காது.

இருவரில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்தால், நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ முன்னாள் துணைவரின் இறப்புச் சான்றோ தேவை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரத்தை நம்பி மனு போடாதீர்கள். மனைவிக்கு முதல் திருமணத்தில் குழந்தை இருந்தால், குடிமகனான கணவர் அந்தக் குழந்தைக்கும் தனி மனு போடணும். திருமணத்தன்று குழந்தைக்கு 18 வயது முடிந்திருக்கக் கூடாது.

பெயரும் எழுத்தும்

தாமதம் அதிகமாக வரும் இடம் இதுதான். ஒரு பெண்ணின் பெயர் முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றில் ஒரே சொல், பள்ளிச் சான்றில் முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றில் பின்னால் கணவர் பெயர். நமக்கு நால்வரும் ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு நான்கு பெயர்.

வழி எளிது. பாஸ்போர்ட்டை அளவுகோலாக வையுங்கள். திருமணப் பதிவு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளையே ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அச்சாகும் முன் காட்டும் நகலை நீங்களே எழுத்து எழுத்தாகப் படியுங்கள். திருமணமானதும் பெயர் மாற்றியே ஆகணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றுவதாக இருந்தால் மனு போடும் முன்பே பாஸ்போர்ட்டில் மாற்றிவிடுங்கள். பாதி வழியில் மாற்றாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்கப் படிவத்தில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் தெரியாது என்பதற்கான 'எஃப்என்யூ' என்ற எழுத்துகளை முதற்பெயராகவும் போடுவார்கள். பயப்பட வேண்டாம், அது அவர்கள் வழக்கம்.

பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறதா? பிறப்புப் பதிவாளரிடம் பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். வீட்டில் பிறந்து, பதிவே ஆகவில்லையா? ஒரு வருடம் தாண்டிய பிறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு தேவை. நெல்லை மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டங்கள் உள்ளன. இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இது. பதிவு கிடைக்கவே வழியில்லை என்றால், பதிவு இல்லை என்ற அரசுச் சான்றும், பள்ளிச் சான்று போன்ற துணை ஆதாரங்களும் வைக்கலாம். ஆதார் அட்டை பிறப்புச் சான்றுக்கு மாற்று ஆகாது.

ஊர் ஒன்று, மாவட்டம் இரண்டு

இது நம்ம பகுதிக்கே உரிய சிக்கல். ஸ்ரீவைகுண்டத்தில் 1984-இல் பிறந்தவர் பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்தில். 1986 அக்டோபர் 20 அன்று மாவட்டம் பிரிந்தது; இன்று அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்களுக்கும் இதே கதைதான்: தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். ஆகவே பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டமும், புதிதாக எடுத்த பிறப்புச் சான்றில் இன்னொரு மாவட்டமும் இருப்பது பிழை அல்ல. இதற்காகப் பாஸ்போர்ட்டை மாற்ற ஓட வேண்டாம். ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டம் பிரிந்த தேதியை ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பதில் தயார்.

பிசிசி என்னும் காவல் சான்று

உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் கடிதம் இதற்கு உதவாது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, நேரம் பதிவு செய்து போகணும். மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருக்கிறது. இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டுக்கு மாறிவிட்டால் அந்த முகவரிக்கு ஆதாரம் தேவைப்படும்.

16 வயதுக்குப் பிறகு வளைகுடா நாடு எதிலாவது 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அந்த நாட்டின் காவல் சான்றும் கேட்பார்கள். இன்னும் அங்கேயே இருப்பவர்கள் கிளம்பும் முன் வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

மொழிபெயர்ப்பு, முத்திரை, ஏஜென்ட்

தமிழில் மட்டும் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சில நாடுகள் கேட்கும் அப்போஸ்டில் முத்திரையை அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. "முத்திரை இல்லேன்னா கோப்பே நகராது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

"டூரிஸ்ட் விசாவில் அனுப்பிருவோம் அண்ணாச்சி, அங்க போய் பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்தும் விலகி நில்லுங்கள். குடியேறும் எண்ணத்தை மறைத்துப் பொய் சொல்வது கண்டுபிடிக்கப்பட்டால், நிரந்தரமாகவே அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம். படிவம் நிரப்ப யார் உதவினாலும் சரி, கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். அசல் ஆவணங்களையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

போகப்போகும் பெண்ணுக்கு

அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால், கிடைப்பது இரண்டு வருடத்துக்கான நிபந்தனை கிரீன் கார்டு. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 விண்ணப்பம் போட வேண்டும். "நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ இங்க இருக்க முடியும்" என்று மிரட்டப்படும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்தாலோ, கொடுமைக்கு ஆளானாலோ, மனைவி தனியாகவே விண்ணப்பிக்க சட்டத்தில் இடம் உண்டு.

மனு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வருடக்கணக்கில் பதில் சொல்லாத கணவர்களும் உண்டு. மனு போட்டதும் வரும் ரசீது எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் போட்டு மனுவின் நிலையை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். கைவிடப்பட்டதாகத் தோன்றினால் 181 மகளிர் உதவி எண், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவு ஆகியவற்றை அணுகலாம். வெளிநாடுவாழ் தமிழர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தனி ஆணையரகமும் நடத்துகிறது.

வேலையின் வரிசை

பிறப்புச் சான்றைக் கல்யாணத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். திருமணப் பதிவை மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். அதன்பின் மனு, ரசீது எண் உங்கள் கைக்கு வரட்டும். பிசிசியை மனு ஏற்கப்பட்ட பிறகு எடுங்கள். சீக்கிரமே எடுத்தால் நேர்காணலுக்குள் காலாவதியாகிவிடலாம். மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் தேதி வந்த பிறகு. கல்யாண போட்டோ, சேர்ந்து போன பயண டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது, போன் பதிவுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள். உண்மையான திருமணம்தான் என்பதற்கு நேர்காணலில் கேட்கும் ஆதாரம் அதுதான்.